பெருஞ்சில்லும் தீவக மணலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளுள் எழுவைதீவு மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே அதனை அடைதல் வேண்டும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் கடலினூடே தெரு அமைந்தமையால் அவ்விடங்களுக்கு மோட்டார் வண்டிகள் தாமே ஓடிச் சென்றன. எழுவைதீவுக்கோ வண்டியின் ஓர் ஆணியும் கடல் கடந்தே வரவேண்டும். மணலும் முருகைக்கல்லும் விரவிய இத்தகைய நிலத்தில் ஓடும் 'பிக்கப்' என்னும் சிறு லொறிக்கு எத்துணைப் பெரிய சில்லுப் பூட்டலாம் என்பது அலங்காரம் பற்றிய வினா அன்று. நோயாளியை இறங்குதுறைக்குக் கொண்டு செல்லும் வண்டி மணலிற் புதைந்துவிட்டால், நேரத்துக்குப் புறப்படும் படகு அதற்காகக் காத்து நிற்குமா?

பெரிய சில்லின் பயனை மாட்டுவண்டி செய்த தச்சர் நன்கு அறிந்திருந்தனர். ஆள் மார்பளவு உயர்ந்த மரச்சில்லுக்கு இரும்புப் பட்டம் இறுக்கி அவர்கள் வண்டி பூட்டியதற்குக் காரணம் உண்டு. சிறிய சில்லு குழியில் விழும். பெரிய சில்லு அக்குழியைக் கடந்து செல்லும். வழியிற் கிடக்கும் கல்லின் மேல் ஏறுவதற்கும் பெரிய சில்லுக்குக் குறைந்த இழுவையே போதும். நெடுவழி சென்ற உமணர் தம் வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் பாட்டால் அறிகிறோம். சில்லும் அச்சும் வழியின் இயல்புக்கு ஏற்ப அமைதல் வேண்டும் என்ற அறிவு தமிழர்க்குப் புதியதன்று.

ஆயினும் மரச்சில்லுக்கு ஒரு குறை இருந்தது. அது நிலத்துக்கு இணங்கவில்லை. அக்குறையைத் தீர்த்தது காற்று. 1845இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேட் வில்லியம் தொம்சன் என்பார் காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றார். அக்காலத்தில் அதன் அருமையை உணர்ந்தார் சிலரே. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருகவைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப் அதனை மீண்டும் கண்டறிந்து துவிச்சக்கர வண்டிக்கு உரியதாக்கினார். 1895இல் பாரிஸ், போர்டோ நகரங்களுக்கிடையே நடந்த ஓட்டப் பந்தயத்தில் மிஷலின் சகோதரர் காற்று ரயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினர். 1925இல் ஃபோர்ட் நிறுவனம் தன் 'ரி' மாதிரி வண்டியின் பின்புறத்திலே சுமைப்பெட்டி அமைத்து, ஆலையிலேயே செய்த பிக்கப் வண்டியை விற்பனைக்கு விடுத்தது. அவ்வண்டியின் சில்லு உயரமாயினும் ரயர் ஒடுங்கியது.

இறப்பரின் கதை இலங்கையையும் தொடுகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கே முளைத்தவற்றுள் சுமார் 1,900 கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர் இலங்கையிலும் மலாயாவிலும் காடுகள் அழிந்து இறப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அங்கே மரத்தைச் சீவிப் பால் எடுத்தோருட் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர். யாழ்ப்பாணத்தவர் பலரும் மலாயா சென்று எழுதுவினைஞராயும் புகையிரத உத்தியோகத்தராயும் பணியாற்றி, அப்பணத்தாற் கல்வீடு கட்டினர். ஆகவே ரயர் ஒன்றைப் பார்க்கும்போது, விடியுமுன் மரத்தடியில் நின்ற கைகளையும் நினைத்தல் தகும். தேவைக்கு மேற்பட்ட பெரிய ரயர் அவ்வுழைப்பையும் வீணாக்குவதே.

மணலைக் காற்று ரயர் வென்ற வரலாறு பாலைவனத்தில் எழுதப்பட்டது. 1920களிலும் 1930களிலும் றால்ப் பாக்னோல்ட் என்னும் ஆங்கிலப் படைவீரர் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்ட் வண்டிகளைச் செலுத்திப் பழகினார். ரயரிற் காற்றைக் குறைத்தால் வண்டி மணலிற் புதைவது குறையும் என்பதை அவர் அநுபவத்தாற் கண்டார். 1940இல் எகிப்தில் அவர் நிறுவிய நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவு, அகன்ற ரயர் பூட்டிய ஷெவர்லே லொறிகளிற் பல நூறு மைல் சென்று எதிரியை வேவு பார்த்தது. அதற்கு முன்னரே, 1932இல், அமெரிக்காவின் அலிஸ் சாமர்ஸ் நிறுவனம் இரும்புச் சில்லுக்குப் பதிலாகத் தாழ்ந்த அமுக்கமுள்ள காற்று ரயரை உழவு இயந்திரத்துக்குப் பூட்டியது. ஐஸ்லாந்தில் மக்கள் 38 அங்குல ரயர்களைப் பூட்டி, அவற்றின் காற்றைப் பெரிதும் இறக்கிவிட்டுப் பனியாற்றின் மேலும் வண்டி ஓட்டுகின்றனர். மணலாயினும் பனியாயினும் தத்துவம் ஒன்றே.

அத்தத்துவம் எளிது. ஒரு சில்லின் மேல் 1,000 இறாத்தல் பாரம் இருப்பதாகக் கொள்க. ரயரின் காற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலாயின், நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 25 சதுர அங்குலம். அமுக்கத்தை 20 இறாத்தலாக்கினால் அப்பரப்பு 50 சதுர அங்குலமாகும். பாரம் பரந்து நிற்பதால் மணல் அமிழ்வது குறைகிறது. பெரிய ரயர் இவ்வாறு தாழ்ந்த அமுக்கத்தில் நிற்க வல்லது. அதன் சிறப்பு இதுவே. எனினும் கல் வழிக்கும் தார் வீதிக்கும் திரும்பும்போது காற்றை மீண்டும் நிரப்புதல் வேண்டும். தளர்ந்த ரயர் வேகத்திற் சூடேறிக் கெடும். கூரிய முருகைக்கல் அதன் பக்கத்தையும் கிழிக்கும்.

இனிப் பெருஞ்சில்லால் விளையும் தீங்கையும் நோக்குவோம். 28 அங்குல விட்டமுள்ள சில்லுக்குப் பதிலாக 31 அங்குலச் சில்லைப் பூட்டினால் வண்டி 1½ அங்குலம் உயரும். வேகமானி 60 கிலோமீற்றர் என்று காட்டும்போது உண்மை வேகம் 66 கிலோமீற்றராயிருக்கும். எஞ்சினின் இழுவிசையோ பத்தில் ஒரு பங்கு குறையும். பாரம் ஏற்றிக்கொண்டு மணலில் ஏறும் வண்டிக்கு இக்குறைவு பெரிது. பல்லுச் சக்கரங்களின் விகிதத்தை மாற்றினாலன்றி இழந்த விசை மீளாது. கனத்த சில்லை நிறுத்தப் பிரேக்குக்கும் மிகுந்த வலிமை வேண்டும். முன்சில்லைத் திருப்பும்போது ரயர் சேற்றுக்காப்பில் உராய்வதும், வண்டியின் பாரமையம் உயர்ந்து வளைவிலே சாய்வதும் கவனிக்கத்தக்கன.

பழைய லொறிகளின் மேல் மரக்கூடு கட்டித் 'தட்டிவான்' செய்து, சந்தைக்குக் காய்கறியையும் மக்களையும் ஒருங்கே ஏற்றிச் சென்றோர் யாழ்ப்பாணத்துக் கைவினைஞரே. உள்ளதை ஊருக்கேற்ப மாற்றும் அவர்களின் திறமை பாராட்டற்குரியது. அத்திறமைக்குக் கணக்கும் துணை நிற்றல் வேண்டும். முதலிற் செய்யத்தக்கது, உள்ள ரயரின் காற்றை மணலுக்கு ஏற்பக் குறைத்துப் பார்ப்பது. அது போதாதெனின் ஒரு படி அகன்ற ரயரைப் பூட்டலாம். சில்லின் விட்டத்தை உயர்த்துவது இறுதி வழியாகவே இருத்தல் நன்று. அவ்வாறு உயர்த்துவோர் பிரேக்கையும் வேகமானியையும் சீர்செய்த பின்னரே வண்டியைத் தெருவில் இறக்குதல் வேண்டும். பழுது பார்க்கும் பட்டறைக்குக் கடல் கடந்து செல்ல வேண்டிய சிறு தீவுகளில் இம்முறை மேலும் இன்றியமையாதது.