கட்டையின் வேகமும் ஒலியின் நிறமும்: மின்னணுப் பியானோவின் வளர்ச்சி

1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய பியானோவின் சிறப்பு, விரலின் போக்குக்கேற்ப ஒலி மெலியவும் வலுக்கவும் கூடியதாக இருந்ததே. அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டில் கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் தந்தி ஏறத்தாழ ஒரே அளவில்தான் மீட்டப்படும். பியானோவில் கட்டை ஒரு சுத்தியலைத் தந்தியை நோக்கி எறிகிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுவதால், அதன்பின் விரல் எதைச் செய்தாலும் அந்த அடி மாறுவதில்லை. விடுபடும் கணத்தில் சுத்தியலுக்கு இருந்த வேகமே அடியின் வன்மையை முடிவு செய்கிறது. விசையை அளக்காமல் வேகத்தை அளந்தாலே போதும் என்ற வசதியைப் பிற்காலப் பொறியாளர்களுக்கு மூலக் கருவியே தந்திருந்தது எனலாம்.

1950களிலும் 60களிலும் பரவிய வுர்லிட்ஸர், ரோட்ஸ் ஆகிய மின்பியானோக்களில் உண்மையான சுத்தியல்களே உலோக நாக்குகளையும் கம்பிகளையும் அடித்தமையால், தொடுகைக்கேற்ற ஒலி இயல்பாகவே அமைந்தது. கட்டை வெறும் மின்விசையாகச் சுருங்கி, ஒலி முழுவதும் மின்சுற்றில் பிறந்த கருவிகளில்தான் அத்திறன் தொலைந்தது. 1974இல் வெளியான ரோலண்ட் இ.பி.-30 அதை மீட்டுத் தந்தது.

இத்துறையில் நிலைபெற்ற முறை எளியது. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் கரியம் பூசிய ரப்பர் குமிழ் ஒன்று இரண்டு தொடுமுனைகளை அடுத்தடுத்து மூடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு மாறாதது என்பதால், அவை மூடப்படும் இடைநேரம் குறுகக் குறுக வேகம் மிகுந்தது என்று சுற்று கணக்கிடுகிறது. 1983இல் கருவிகளுக்கிடையேயான பொதுமொழியாக வந்த மிடி, இவ்வேகத்தை 1 முதல் 127 வரையிலான எண்ணாகக் குறித்தது. கட்டை முழுவதும் மேலெழுமுன் மீண்டும் அடிக்க வழிசெய்யும் பொறியமைப்பை செபாஸ்தியன் எரார் 1821இலேயே பியானோவுக்கு அளித்திருந்தார். மின்னணுக் கருவியில் அதே விரைவை எட்ட, பின்னர் மூன்றாவது உணரி சேர்க்கப்பட்டது.

வேகத்தை அறிவதைவிட அதற்குரிய ஒலியைத் தருவதே கடினமாயிற்று. வன்மையாக அடிக்கும்போது சுத்தியலின் கம்பளிப் பரப்பு இறுகி மேற்சுரங்களை மிகுதியாக எழுப்புவதால், ஒலியின் அளவோடு அதன் நிறமும் மாறுகிறது. மென்மையான ஒலியைப் பெருக்கிக் காட்டினால் அது வன்மையான ஒலியாகிவிடாது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்ற முறையைக் கொண்டு 1983இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7, தொடுகைக்கேற்ப ஒலியின் பொலிவையும் மாற்றியது. ஆயினும் மரப்பியானோவின் முழக்கம் அதில் கிட்டவில்லை. 1984இல் வெளியான கர்ஸ்வைல் 250 உண்மையான பியானோவின் பதிவுகளையே ஒலித்தது. நினைவகம் விலைமிக்கதாக இருந்த அக்காலத்தில், பொதுவாகப் பதிவுகளைச் சிறிதாக வெட்டி, வால்பகுதியைச் சுழற்றி நீட்டி, ஒரே பதிவைப் பல கட்டைகளுக்குப் பங்கிடும் வழக்கம் இருந்தது; நினைவகம் மலிந்தபின் ஒவ்வொரு சுரத்துக்கும் மெல்லடி, வல்லடி எனப் பல அடுக்குகள் வந்தன.

அடுக்குகள் பெருகினாலும், மிதிகட்டையை அழுத்தியதும் எல்லாத் தந்திகளும் ஒன்றுக்கொன்று இசைந்து அதிரும் நிலையைத் தனித்தனிப் பதிவுகளின் கூட்டல் தருவதில்லை. 2006இல் வந்த பியானோடெக் மென்பொருளும் 2009இல் வந்த ரோலண்ட் வி-பியானோவும் பதிவை விட்டு, சுத்தியல், தந்தி, ஒலிப்பலகை ஆகியவற்றின் இயற்பியலைக் கணக்கிட்டு ஒலியைப் பிறப்பித்ததை இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பமாகக் கொள்ள வேண்டும். 2020இல் ஏற்கப்பட்ட மிடி 2.0 வேகத்துக்கு 65,536 படிநிலைகளை அளித்தது. எனினும் குறை படிநிலைகளில் இல்லை, தந்திகளுக்கிடையேயான உறவை எவ்வளவு நுட்பமாகக் கணக்கிடுகிறோம் என்பதில்தான் உள்ளது.