ஒரே செடி, எத்தனையோ கோப்பைகள்: இலைத் தேயிலையின் கதை

நம் ஊர் டீக்கடையில் டீ போடுவதைப் பார்த்திருப்பீர்கள். துணி வடிகட்டியில் தூளைப் போட்டு, பாய்லரில் இருந்து கொதிநீரை ஊற்றி, இறங்குகிற டிக்காஷனில் பாலும் சர்க்கரையும் சேர்த்து, உயரத் தூக்கி இரண்டு ஆற்று ஆற்றினால் டீ ரெடி! டீ என்றாலே தூள்தான் என்று நினைக்கும் அளவுக்கு இது பழகிப் போய்விட்டது.

ஆனால் டீயின் நீண்ட வரலாற்றில் இந்தத் தூள் நேற்று வந்த பிள்ளை. முழு இலையைச் சுடுநீரில் ஊறவைத்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்கும் வழக்கத்துக்கு 600 வருடங்களுக்கு மேல் வயதாகிறது. பச்சை டீ, ஊலாங், கறுப்பு டீ, டார்ஜிலிங், பீகோ என்று எத்தனையோ பெயர்கள். இந்த வகைகள் எப்படிப் பிறந்தன? எது நல்ல டீ, எது சுமார் டீ என்று யார் முடிவு செய்தார்கள்? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

உப்பு போட்ட டீ

டீயைப் பற்றி முதலில் விரிவாக ஒரு நூல் எழுதியவர் சீனாவைச் சேர்ந்த லூ யூ. காலம் 8-ஆம் நூற்றாண்டு, தாங் அரச வம்சத்தின் ஆட்சி. அன்றைய டீ இன்றைய டீ மாதிரி இல்லை. இலைகளை ஆவியில் அவித்து, இடித்து, அச்சில் அழுத்தி வில்லைகளாக்கிக் காயவைப்பார்கள். குடிக்கும்போது வில்லையை நெருப்பில் வாட்டி, பொடித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கூடவே ஒரு சிட்டிகை உப்பு! டீயில் வெங்காயம், இஞ்சி, புதினா எல்லாம் போட்டுக் காய்ச்சியவர்களை லூ யூ கடுமையாகத் திட்டியிருக்கிறார். ஆனால் உப்பை மட்டும் அவரே விடவில்லை.

அடுத்து வந்த சோங் காலத்தில் வில்லையை மாவாக அரைத்து, கிண்ணத்தில் சுடுநீர் விட்டு, மூங்கில் துடைப்பானால் நுரை வர அடித்துக் குடித்தார்கள். ஜப்பானியர்களின் 'மாச்சா' இந்தப் பழக்கத்தில் இருந்து போனதுதான். அரண்மனைக்குக் காணிக்கையாகப் போன டீ வில்லைகளில் டிராகன் உருவம் பதித்திருப்பார்கள். ஒரு சின்ன வில்லைக்குப் பின்னால் அத்தனை பேரின் உழைப்பு இருந்தது. பறிப்பது, அவிப்பது, பிழிவது, அரைப்பது, அச்சில் வார்ப்பது என்று வேலை நீண்டுகொண்டே போகும்.

ஒரு சக்கரவர்த்தியின் ஆணை

1368-ல் மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வூ சக்கரவர்த்தி ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பஞ்சத்தையும் பட்டினியையும் நேரில் பார்த்தவர். 1391-ல் அவர் ஓர் ஆணை போட்டார்: அரண்மனைக்கு இனி வில்லை டீ வேண்டாம், உதிரி இலையாக அனுப்பினால் போதும். காரணம், வில்லை செய்வது மக்களின் உழைப்பை அளவுக்கு மீறி உறிஞ்சுகிறது.

இதைப் படித்துவிட்டு அவரைக் கருணையே வடிவானவர் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தேகத்தின் பேரில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற கொடூரமான அரசர் அவர். ஆனாலும் இந்த ஒரு ஆணை டீயின் வரலாற்றையே திருப்பிவிட்டது. இலை முழுசாக வந்ததும் குடிக்கும் முறை மாறியது. அரைக்கும் கல்லும் துடைப்பானும் மெல்ல ஒதுங்கின. ஊறவைக்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. யீஷிங் ஊரின் களிமண் டீ கெட்டில்கள் புகழ் பெற்றது இந்த மிங் காலத்தில்தான். இலையின் நிறம், வடிவம், மணம் எல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததால், இலையை எப்படிப் பக்குவப்படுத்துவது என்ற கலையும் வளர்ந்தது.

ஒரே செடியா, இரண்டு செடியா?

பறித்த இலையைச் சும்மா வைத்தால் காற்றுபட்டுப் பழுப்பாகும். வெட்டிய ஆப்பிள் நிறம் மாறுவது போலத்தான். இந்த மாற்றத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது டீயின் வகை.

பறித்ததும் சூடான வாணலியில் வறுத்தோ ஆவியில் காட்டியோ உடனே நிறுத்தினால் பச்சை டீ. கொஞ்ச நேரம் வாடவிட்டு, இலையின் ஓரங்கள் நசுங்கும்படி குலுக்கி, பாதியில் நிறுத்தினால் ஊலாங். நன்றாக வாட்டி, உருட்டி, முழுவதும் நிறம் மாறவிட்டு உலர்த்தினால் கறுப்பு டீ. சீனர்கள் இதைச் 'சிவப்பு டீ' என்பார்கள். அவர்கள் பார்த்தது கோப்பையில் இருக்கும் சாயத்தை, ஐரோப்பியர்கள் பார்த்தது காய்ந்த இலையை!

டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் ஐரோப்பாவுக்கு டீயைக் கொண்டு போனார்கள். ஆனால் அது எப்படி உருவாகிறது என்று ஐரோப்பாவுக்கு இருநூறு வருடங்களுக்கு மேல் சரியாகத் தெரியாது. தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸே 1762-ல் பச்சை டீக்கு ஒரு செடி, கறுப்பு டீக்கு வேறொரு செடி என்று எழுதினார். 1840-களில் சீனாவுக்குப் போன ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இரண்டும் ஒரே செடிதான் என்று நேரில் பார்த்துத் தெளிவுபடுத்தினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக சீன உடை போட்டுக்கொண்டு உள்நாட்டுக்குள் நுழைந்து, தேயிலைக் கன்றுகளையும் விதைகளையும் இந்தியாவுக்குக் கடத்திக் கொண்டு வந்தவரும் இவரே.

வரியும் கலப்படமும்

பொருளைப் பற்றி வாங்குகிறவனுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் சந்தையில் என்ன நடக்கும்? டீ வியாபாரம் இதற்கு நல்ல உதாரணம்.

18-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் டீ மீதான வரி ஒரு கட்டத்தில் 119 சதவீதத்தைத் தொட்டது. விளைவு, கள்ளக்கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. வேறு செடிகளின் இலைகளைச் சாயம் ஏற்றி டீயோடு கலந்து விற்றார்கள். 1784-ல் கொண்டு வந்த சட்டம் வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தது. ஓரிரு வருடங்களில் முறையாக இறக்குமதியான டீயின் அளவு இரண்டு மடங்கைத் தாண்டியது. கள்ளக்கடத்தல்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்தது.

கலப்படம் மட்டும் ஓயவில்லை. ஏற்றுமதிக்கான பச்சை டீயில் 'பிரஷ்ய நீலம்' என்ற சாயத்தையும் ஜிப்சத்தையும் தூவுவதை ஃபார்ச்சூன் சீனத் தொழிற்கூடத்திலேயே பார்த்தார். நூறு பவுண்டு டீக்கு அரை பவுண்டுக்கும் மேல் என்று கணக்கும் போட்டார். பச்சை டீ 'பளிச்' என்று இருக்க வேண்டும் என்று வெளிநாட்டவர் எதிர்பார்த்தார்கள், வேலை செய்தவர்கள் அதைப் பூசிக் கொடுத்தார்கள். அதை அவர்கள் தாங்கள் குடிக்கவில்லை என்பது வேறு விஷயம்!

நாக்கு சொல்லும் விலை

அசாமில் விளைந்த டீ முதன்முதலில் லண்டன் ஏலத்துக்கு வந்தது 1839 ஜனவரியில். மொத்தம் 8 பெட்டிகள். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன் பிறகு காப்பிச் செடிகளைத் துரு நோய் அழிக்க, மலையெல்லாம் தேயிலையானது. கல்கத்தாவில் 1861-லும் கொழும்பில் 1883-லும் ஏலம் தொடங்கியது. தென்னிந்தியாவில் கொச்சியில் 1947-லும் குன்னூரில் 1963-லும் ஏல மையங்கள் வந்தன. லண்டன் ஏலம் 1998-ல் மூடப்பட்டது.

ஏலத்துக்கு முன்னால் விலையை மதிப்பிடுகிறவர் டீ டேஸ்டர். நீண்ட மேஜையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தின் எடைக்கு, அதாவது சுமார் 2.8 கிராம் டீ. கொதிநீர் ஊற்றி மூடிவைத்து, ஐந்தாறு நிமிடம் கழித்துச் சாயத்தைக் கிண்ணத்தில் வடிப்பார்கள். வெந்த இலையை மூடியின் மேல் கொட்டி நிறம் பார்ப்பார்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்து 'சர்ர்ர்' என்று சத்தமாக உறிஞ்சி, வாயெல்லாம் பரவவிட்டுத் துப்பிவிடுவார்கள். சத்தம் போட்டு உறிஞ்சுவது மரியாதைக் குறைவு இல்லை. காற்றோடு கலந்தால்தான் மணம் மூக்குவரை ஏறும்.

சோதனைக்கான முறைக்கு 1980-ல் சர்வதேசத் தரமே வந்துவிட்டது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், 6 நிமிடம். இதே விஷயத்துக்கு ஆறு பக்கத்தில் தரம் எழுதிய பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 1999-ல் கேலியாக 'இக் நோபல்' பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். ஆனால் எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரி போட்டால்தானே இலையை ஒப்பிட முடியும்!

'டஸ்ட்' என்றால் குப்பையா?

கறுப்பு டீயைச் சலித்துப் பிரிக்கும்போது வைக்கும் பெயர்கள்தான் ஆரஞ்சு பீகோ, புரோக்கன் ஆரஞ்சு பீகோ, ஃபேனிங்ஸ், டஸ்ட். பலரும் நினைப்பதுபோல் இவை தரவரிசை இல்லை. சல்லடையின் கண் அளவு. பீகோ என்பது இளங்கொழுந்தின் வெள்ளை ரோமத்தைக் குறிக்கும் சீனச் சொல்லில் இருந்து வந்தது. ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முழு இலை மெதுவாக இறங்கும், மணம் அதிகம். டஸ்ட் சட்டென்று இறங்கும், சாயமும் கடுப்பும் அதிகம். வேகமாக டிக்காஷன் இறக்க வேண்டிய கடைக்காரருக்கு டஸ்ட்தான் சரி.

1930-களில் அசாமில் சி.டி.சி. இயந்திரம் வந்தது. இலையை நசுக்கி, கிழித்து, குறுணைகளாகச் சுருட்டும். ஒரு கிலோவில் அதிகக் கோப்பை, பாலுக்கும் ஈடுகொடுக்கும். இந்தியாவின் டீயில் பெரும்பகுதி இன்று இதுதான். இலங்கையோ பெருமளவு பழைய உருட்டும் முறையிலேயே நிற்கிறது.

சுவைத்துப் பார்க்க

முழு இலையை ருசிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு கோப்பைக்கு 2 முதல் 3 கிராம் போதும். பெரிய இலை என்றால் ஸ்பூனில் குவித்து எடுங்கள். பச்சை டீக்குக் கொதிநீர் ஆகாது. கொதித்த பின் மூடியைத் திறந்து சில நிமிடம் ஆறவிட்டு, 75 முதல் 80 டிகிரியில் ஊற்றி 2 நிமிடத்தில் வடிகட்டுங்கள். சூடு அதிகமானால் கசப்பு முந்திக்கொள்ளும். ஊலாங்குக்கு 90 டிகிரி, அதே இலையில் மூன்று நான்கு முறை ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் சுவை மாறும். நீலகிரி, இலங்கை கறுப்பு டீக்குக் கொதிநீர், 3 முதல் 5 நிமிடம். இலை விரிய இடம் வேண்டும், அதனால் குட்டி வடிகட்டியில் அடைக்காதீர்கள். முதல் கோப்பையைச் சர்க்கரை இல்லாமல் குடித்துப் பாருங்கள்.

கோப்பையில் தெரியாத கணக்கு

அனுபவமுள்ள டேஸ்டர் ஒரு வாய் உறிஞ்சியே பல விஷயங்களைச் சொல்லிவிடுவார். இலை சரியாக வாடவில்லை, உலர்த்தும்போது சூடு கூடிவிட்டது, மழைக்காலத்துக் கொழுந்து... எல்லாம் நாக்கில் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று. யார் பறித்தார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது.

ஒரு கிலோ டீத்தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். இலங்கை மலைகளில் அதைப் பறித்தவர்கள் திருச்சி, மதுரை, சேலம், ராமநாதபுரம் பக்கங்களில் இருந்து கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள். உலகச் சந்தையில் 'சிலோன் டீ' பெயர் வாங்கியது, அவர்கள் லயத்து அறைகளில் தங்கினார்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பெட்டிகளை ஏலத்தில் பிரிப்பது போலவே! இப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் நீலகிரியில் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. வந்தவர்களின் கையில் மறுபடியும் அதே கொழுந்து. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

1391-ல் அந்தச் சக்கரவர்த்தி ஒரு டீ வில்லையைப் பார்த்து, இதற்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு போகிறது என்று கணக்குப் பார்த்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் டீக்குள் எத்தனையோ கணக்குப் பார்த்துவிட்டார்கள். இலையின் நீளம், சாயத்தின் நிறம், ஊறும் நிமிடம், வரி, ஏல விலை என்று எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. அவர் பார்த்த அந்த ஒரு கணக்குக்கு மட்டும் டேஸ்டரின் மேஜையில் இன்னும் கோப்பை வைக்கவில்லை.