மாஸ்கோவ்ஸ்கி கொம்சொமோலெத்ஸ்: கட்சி இதழிலிருந்து தனி இதழுக்கு

உருசியாவின் பரபரப்பு நாளிதழ்களுள் மாஸ்கோவ்ஸ்கி கொம்சொமோலெத்ஸ் குறிப்பிடத்தக்கது. 1919 டிசம்பர் 11 அன்று வேறொரு பெயரில் தோன்றிய இவ்விதழ், கம்யூனிஸ்டு இளைஞர் அமைப்பான கொம்சொமோலின் மாஸ்கோக் கிளைக்குரியதாக வளர்ந்தது. அக்காலத்தில் தணிக்கை அச்சேறும் முன்னரே நிகழ்ந்தது. 1990இல் இயற்றப்பெற்ற சோவியத்து அச்சுச் சட்டம் தணிக்கையை நீக்கியது. 1991 ஆகஸ்டு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின்போது தடைசெய்யப்பட்ட இதழ்கள் இணைந்து வெளியிட்ட 'பொது இதழி'ல் இதுவும் பங்கேற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் கொம்சொமோல் கலைக்கப்பட்டது; அதன் பெயரைத் தாங்கிய இதழோ தனியுடைமையாகித் தொடர்ந்தது.

பரபரப்புச் செய்திகளோடு புலனாய்வுக் கட்டுரைகளும் இதில் இடம்பெற்றன. படைத்துறை ஊழலை ஆராய்ந்த செய்தியாளர் திமித்ரி கோலதோவ், ஆவணங்கள் உள்ளன என நம்பி எடுத்துவந்த கைப்பெட்டி வெடித்து, 1994 அக்டோபர் 17 அன்று இதழ் அலுவலகத்திலேயே உயிரிழந்தார். அப்போது அவருக்கு அகவை 27. குற்றஞ்சாட்டப்பட்டோர் 2002இலும், மறுவிசாரணைக்குப்பின் 2004இலும் விடுவிக்கப்பட்டனர். கொலையாளி எவரும் தண்டிக்கப்படவில்லை.

எனவே, இதழின் விடுதலையும் எழுதுவோரின் பாதுகாப்பும் வெவ்வேறானவை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. முன்னதைச் சட்டம் அளித்தது. பின்னதை நீதிமன்றமும் உறுதிசெய்ய இயலவில்லை.