ஈஸ்ட் குரோமோசோமின் இடுப்பைத் தேடி

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் மாதமே எனக்கு ஒரு சின்ன அவமானம். ஈஸ்ட் செல்லுக்குள் கஷ்டப்பட்டு நுழைத்த பிளாஸ்மிட்டை மறுநாள் காணோம். லியூசின் கலந்த சத்தான ஊடகத்தில் ராத்திரி முழுக்க வளரவிட்டது என் தப்பு. காலையில் லியூசின் இல்லாத தட்டில் பரப்பினால், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காலனிகள். "அதுல சென் இல்லையேப்பா, எப்படி நிக்கும்?" என்றார் சீனியர் அக்கா. சென் என்றால் சென்ட்ரோமியர். அன்று இரவு தேடிப் படித்த 1980-ம் வருடக் கட்டுரைதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

செல் பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டாகி, இரு பக்கத்திலிருந்தும் மைக்ரோடியூபுல் என்ற கயிறுகள் அவற்றை இழுக்கின்றன. அந்தக் கயிறு வந்து மாட்டும் இடம்தான் சென்ட்ரோமியர். மாட்டுவதில் பிசகினால் ஒரு செல்லுக்கு ஒன்று கூடும், இன்னொன்றுக்குக் குறையும். மனிதரில் 21-வது குரோமோசோம் ஒன்று கூடினால் டவுன் சிண்ட்ரோம்.

பெரிய குரோமோசோம்களில் அந்த இடம் மைக்ரோஸ்கோப்பில் இடுப்பு மாதிரி ஒடுங்கித் தெரியும். ரொட்டிக்கும் பீருக்கும் போடுகிற ஈஸ்ட்டில் அதெல்லாம் தெரியாது, அவ்வளவு சின்னது. எந்தெந்த ஜீன்களுக்கு நடுவே அது இருக்கிறது என்பது மட்டும் இனக்கலப்புச் சோதனைகளால் தெரிந்திருந்தது. மூன்றாம் குரோமோசோமில் லியூ2 ஒரு பக்கம், சிடிசி10 மறுபக்கம்.

1979-ல் ஸ்டான்ஃபோர்டில் ரொனால்ட் டேவிஸ் குழு ஈஸ்ட் டிஎன்ஏவில் ஏஆர்எஸ் என்ற துண்டைக் கண்டுபிடித்திருந்தது. அதைச் சேர்த்த பிளாஸ்மிட் செல்லுக்குள் தானாகவே நகல் எடுத்துக்கொள்ளும். ஆனால் பங்கு பிரிக்கத் தெரியாது. பெரும்பாலும் தாய் செல்லிலேயே தங்கிவிடும், மகளுக்குப் போகாது. என் தட்டில் நடந்ததும் இதுதான்.

சான்டா பார்பராவில் லூயிஸ் கிளார்க், ஜான் கார்பன் இருவரும் இந்தக் குறையையே சோதனையாக மாற்றினார்கள். லியூ2-க்கும் சிடிசி10-க்கும் நடுவிலுள்ள டிஎன்ஏவைத் துண்டு துண்டாகப் பிடித்து, ஏஆர்எஸ் பிளாஸ்மிட்டில் ஒட்டி, எது நிலைக்கிறது என்று பார்த்தார்கள். சிடிசி10 பக்கத்தில் 1,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு நின்றது. ஸ்போர் உண்டாகும்போது நான்கில் சரியாக இரண்டுக்குப் போனது, நிஜக் குரோமோசோம் போகிற மாதிரியே. கண்ணால் பார்க்காமலே இடுப்பைப் பிடித்துவிட்டார்கள்! (ரொம்பவும் மிகைப்படுத்த வேண்டாம். நிஜக் குரோமோசோம் தொலைவது லட்சம் பிரிதலுக்கு ஒரு தடவை; இந்தக் குட்டி வட்டம் நூற்றுக்கு ஒரு தடவை.)

1982-ல் அதே குழுவில் மோலி ஃபிட்ஸ்ஜெரால்ட்-ஹேய்ஸ் மூன்றாம், பதினோராம் குரோமோசோம்களின் சென்ட்ரோமியர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். இரண்டிலும் ஒரே அமைப்பு: முதலில் 8 எழுத்து, நடுவில் பெரும்பாலும் ஏ-யும் டி-யும் நிறைந்த 80 சொச்சம், கடைசியில் 25. மொத்தமே சுமார் 125 எழுத்து. கடைசிப் பகுதியின் நடுவில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் சென்ட்ரோமியர் செத்துப்போகும் என்பது 1986-ல் தெரிந்தது. அந்த 125 எழுத்தின் மேல் மாட்டுவதும் ஒரே ஒரு மைக்ரோடியூபுல்தான்.

இவ்வளவு சுத்தமான விடை கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? மனிதனிலும் இப்படி ஒரு மந்திர வரி இருக்கும்னு எதிர்பார்ப்பது இயல்பு. நானும் பரீட்சையில் "சென்ட்ரோமியர் என்பது ஒரு குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசை" என்று எழுதி மார்க் வாங்கியவன்தான்.

அந்த ஆசையைக் கலைத்தவர்களில் முக்கியமானவர் கிளார்க்கே. பிளவு ஈஸ்ட் என்ற தூரத்துச் சொந்தத்தை எடுத்துப் பார்த்தார். அதன் சென்ட்ரோமியர் 40 ஆயிரம் முதல் 110 ஆயிரம் எழுத்து வரை நீண்டது. 1994-ல் ஸ்டெய்னருடன் சேர்ந்து இன்னும் விநோதமான ஒன்றைச் சொன்னார்: ஒரே டிஎன்ஏ சில செல்களில் வேலை செய்கிறது, சிலவற்றில் தூங்குகிறது. விழித்துக்கொண்டால் அந்த விழிப்பு சந்ததிக்கும் தொடர்கிறது. அதற்கு முந்தைய வருடம்தான், வழக்கமான சென்ட்ரோமியர் டிஎன்ஏ இல்லாமலே ஒழுங்காகப் பிரியும் ஒரு மனிதக் குரோமோசோம் பற்றியும் செய்தி வந்திருந்தது.

அப்போ எல்லோருக்கும் பொதுவானது எது? ஒரு புரதம். தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மா நோயாளிகளின் ரத்தத்திலுள்ள ஆன்டிபாடிகளைக் கொண்டு 1985-ல் சென்ப்-ஏ என்ற மனிதப் புரதம் அடையாளம் காணப்பட்டது. 1995-ல் ஈஸ்ட்டில் அதன் உறவான சிஎஸ்ஈ4-ஐக் கண்டது அதே ஃபிட்ஸ்ஜெரால்ட்-ஹேய்ஸின் குழு. பதின்மூன்று வருஷம் முன்னால் எழுத்துகளை எண்ணிய அதே ஆள்!

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த கட்டம். வாய்ப்புண் உண்டாக்கும் கேன்டிடா ஈஸ்ட்டில், அந்தப் புரதத்தைத் தூண்டிலாகப் போட்டு 2004-ல் சென்ட்ரோமியர்களைப் பிடித்தார்கள் கௌஸ்துவ் சன்யால், மேரி பாம், ஜான் கார்பன். ஆமாம், அதே கார்பன். (சன்யால் பிறகு பெங்களூருவில் ஆய்வகம் தொடங்கினார்.) எட்டுக் குரோமோசோமிலும் எட்டு விதமான வரிசை, ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. இரண்டு வருடம் கழித்து, அந்த டிஎன்ஏவை மட்டும் தனியாகப் பிளாஸ்மிட்டில் வைத்துக் கேன்டிடாவுக்குள் திரும்ப நுழைத்துப் பார்த்தார்கள். நிற்கவில்லை.

அக்காவுக்கு இதைச் சொன்னபோது, "அங்க சென் இருந்தும் நிக்கலையா?" என்று சிரித்தார்.