சிந்துவெளித் தொடரடைவு (1977)

சிந்துவெளித் தொடரடைவு என்பது சிந்துவெளி முத்திரைகளிலும் பிற பொருட்களிலும் காணப்படும் எழுத்துப் பொறிப்புகளின் தொகுப்பு. இதை உருவாக்கியவர் ஐராவதம் மகாதேவன் (1930–2018). மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி உதவியுடன் தயாரான இந்நூலை இந்தியத் தொல்லியல் துறை 1977-ல் வெளியிட்டது. 2,906 பொறிப்புகள், 3,573 வரிகள், 417 குறிகள் இதில் உள்ளன.

தொகுத்ததைவிட, தொகுத்த முறையை எழுதி வைத்ததுதான் இந்நூலை நிலைக்கச் செய்தது. ஒவ்வொரு பொறிப்புக்கும் நான்கு இலக்க எண் உண்டு. முதல் இலக்கத்தைப் பார்த்தே பொருள் கிடைத்த இடத்தை அறியலாம்: 1 முதல் 3 வரை மொகஞ்சதாரோ, 4, 5 என்றால் ஹரப்பா, 7 லோத்தல். பொருளின் வகை, முத்திரையில் உள்ள விலங்கு உருவம், எழுத்தின் திசை ஆகியவையும் குறியெண்களாகத் தரப்பட்டன. சிதைந்த குறிகளும் ஐயத்துக்குரிய வாசிப்புகளும் தனித்துத் தெரியும்படி அடையாளமிடப்பட்டன. எந்த வடிவங்கள் ஒரே குறியின் வேறுபாடுகளாகக் கொள்ளப்பட்டன என்பதற்கும் பட்டியல் உண்டு. இது சிறிய செய்தி அல்ல. அஸ்கோ பர்ப்போலா 1994-ல் தந்த பட்டியலில் இருப்பவை 386 குறிகள். எவற்றைச் சேர்த்தார், எவற்றைப் பிரித்தார் என்று தெரியாவிட்டால் 417 என்ற எண்ணை மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது.

மகாதேவன் திராவிடக் கருதுகோளை ஆதரித்தவர். குறிகளுக்குத் தாம் சொன்ன பொருளைப் பின்னாளில் பலமுறை திருத்திக்கொண்டார். அந்த வாசிப்புகளைத் தொடரடைவில் கலக்கவில்லை. எனவே அவை மாறியபோதும் தரவு மாறவில்லை.

இதன் பயன் பின்னர் தெரிந்தது. 2004-ல் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்டு ஸ்ப்ரோட், மைக்கேல் விட்ஸல் ஆகியோர் சிந்துவெளிக் குறிகள் மொழியை எழுதியவையே அல்ல என்று வாதிட்டனர். அதற்கு மகாதேவனின் எண்ணிக்கைகளையும் எடுத்தாண்டனர். 2009-ல் ராஜேஷ் ராவ் குழு ‘சயின்ஸ்’ இதழில் எதிர்வாதம் வைத்தது. அதற்கும் அடிப்படை அதே தொடரடைவு. சிதைந்த, ஐயத்துக்குரிய பொறிப்புகளையும் பல வரிப் பொறிப்புகளையும் நீக்கி, ஒரே பொறிப்பு திரும்ப வரும் இடங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, 1,548 வரிகள் கொண்ட துணைத் தொகுப்பு உருவாக்கப்பட்டிருந்தது. ஐயத்தை மகாதேவன் மறைத்திருந்தால் இப்படி வடிகட்டியிருக்க முடியாது.

அக்குழுவில் மகாதேவனும் இருந்தார். அவர் வழிகாட்டிய சிந்துவெளி ஆய்வு மையம், சென்னை அடையாற்றை அடுத்த தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 2007-ல் தொடங்கப்பட்டது. குழுவின் மற்றொருவரான இயற்பியலாளர் ரணஜய் அதிகாரி பணியாற்றிய கணித அறிவியல் நிறுவனமும் தரமணியில்தான் உள்ளது.

1977-க்குப் பின் கிடைத்த பொறிப்புகள் தொடரடைவில் இல்லை. தோலாவிராவின் பெரிய பெயர்ப்பலகை அவற்றுள் ஒன்று. தொடரடைவு இப்போது இணையத்திலும் கிடைக்கிறது. குறிகளின் எண்கள் மகாதேவன் இட்டவையே.