வீட்டு விலையும் ஊரார் நம்பிக்கையும்

பெங்களூரில் குடியேறிய தமிழர் இருவர் சந்தித்தால், ஊர் க்ஷேமலாபங்களை விசாரித்த பின்னர்ப் பேச்சு பெரும்பாலும் மனை விலையில் வந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். மண்ணின் விலை ஒருநாளும் இறங்காது என்பார் ஒருவர். ஏறியதெல்லாம் இறங்கியே தீரும் என்பார் மற்றவர். காப்பி ஆறிப் போகுமே தவிர வழக்குத் தீராது. இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இதே நகரில், உயிருக்கே ஆபத்து நேர்ந்த ஒரு காலத்தில், வீட்டின் மதிப்பு யாது என்னும் கேள்வி எழுந்தது. அவ்வரலாற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

பெங்களூர் அக்காலத்தில் ஓர் ஊரன்று, இரண்டு ஊர்கள். கெம்பே கௌடர் 1537இல் நிறுவியதாகக் கூறப்படும் பேட்டை ஒன்று. 1809 முதல் ஆங்கிலேயர் படை தங்கிய தண்டு மற்றொன்று. படைக்கு வேண்டிய பொருள் வழங்கவும், கட்டடம் எழுப்பவும், வீட்டு வேலை செய்யவும் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழர், அல்சூரிலும் இன்று சிவாஜி நகர் என வழங்கும் பிளாக்பள்ளியிலும் நிலைகொண்டனர். 1881இல் மைசூர் சமஸ்தானம் மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தண்டுப் பகுதி மட்டும் ஆங்கில ரெசிடெண்டின் ஆட்சியிலேயே இருந்துவிட்டது. ஆகவே ஒரே சாலையின் இரு முனைகளில் இரண்டு நகராட்சிகள், இரண்டு ஆட்சிகள். 1891ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் பேட்டையைச் சேர்ந்த நகரம் 80,285 பேரையும், தண்டு 1,00,081 பேரையும் கொண்டிருந்தன. தண்டே பெரிது என்பது நோக்கத்தக்கது.

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய், இருப்புப் பாதை வழியே தெற்கு நோக்கி இறங்கி, ஹூப்ளியைப் பிடித்து, 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது. பாலக்காட்டில் பிறந்த தமிழரான சேஷாத்ரி ஐயர் அப்போது மைசூரின் திவான். பின்னாளில் தாமும் திவானாகிய வி. பி. மாதவ ராவ் பிளேக் கமிஷனர். 1897இல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு அதுவரை இல்லாத அதிகாரத்தை வழங்கியிருந்தது. நோய் கண்ட வீட்டாரை ஊருக்கு வெளியே கொட்டகைகளில் கொண்டு வைப்பதும், வீட்டைப் பூட்டி மருந்து தெளிப்பதும், ஓடுகளைக் களைந்து சூரிய வெளிச்சம் உட்புகச் செய்வதும், சீர்ப்படுத்த இயலாதவற்றை இடிப்பதும் அக்காலப் பிளேக் ஒழிப்பு முறைகளாயிருந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் இக்கெடுபிடிகளை எதிர்த்து அவ்வாண்டே கலகம் மூண்டது.

இங்கேதான் கருத்து வேற்றுமை பிறந்தது. நோய்க்கிருமி வீட்டின் தரையிலும் சுவரிலும் தங்கியிருக்கிறது என்பது அன்றைய மருத்துவர் பலரின் கொள்கை. காற்றோட்டமற்ற வீடு குற்றவாளி. அதைத் தண்டித்தாலன்றி ஊர் பிழைக்காது என்றனர். வீட்டுக்காரரின் நிலையோ வேறு. ஓடு களைந்த மண்சுவர் வீடு ஒரு மழைக்குத் தாங்காது. முன்புறம் கடையும் பின்புறம் தானியக் கிடங்கும் நடுவே குடும்பமுமாக வாழ்ந்த வணிகனுக்கு அவ்வீடே முதல், அவ்வீடே அடமானம், அவ்வீடே பெண்ணுக்குச் சீதனம். அதன் மீது ‘நோய் வீடு’ என்னும் பெயர் விழுந்துவிட்டால் வாங்குவோர் யார், வாடகைக்கு வருவோர் யார்?

உண்மையில் நோயைப் பரப்பியது சுவரன்று. எலியின் மீதுள்ள தெள்ளுப்பூச்சியே காரணம் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோந்த், பெங்களூரில் நோய் புகுந்த அதே 1898இல் கராச்சியில் கண்டறிந்தார். அவர் சொல்லை அறிஞர் உலகம் உடனே ஏற்கவில்லை. 1905ஆம் ஆண்டுக்குப் பின் பம்பாயில் நடந்த ஆராய்ச்சிகளே அதை நிலைநாட்டின. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் எலி செய்த குற்றத்திற்கு வீடுகள் தண்டனை பெற்றன என்று சொன்னால் அது முற்றும் மிகையாகாது. ஆயினும் அதிகாரிகளை முழுவதும் பழிக்கவும் நமக்கு மனமில்லை. தானியக் கிடங்கோடு கூடிய இருண்ட வீட்டில்தான் எலியும் மிகுதி. காரணம் தவறாயினும், காட்டிய இடம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரு ஊர்களிலுமாகச் சேர்த்து 1,59,046 பேரே இருந்தனர். பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட 21,320 பேர் குறைவு. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இறந்தவர் சிலர், ஊரைவிட்டு ஓடியவர் பலர். வளர்ந்து வந்த ஒரு நகரத்தில் எட்டு வீட்டுக்கு ஒன்று வீதம் ஆளற்றுப் போவதாக எண்ணிப் பார்த்தால், வீட்டுடையோர் அடைந்த கலக்கம் நமக்கு ஒருவாறு விளங்கும்.

ஆனால் நம்பிக்கை அழிந்துபடவில்லை, இடம் பெயர்ந்தது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் நோய்க்கு முன்பே, 1890களின் தொடக்கத்தில் திட்டமிடப்பட்டவை. பேட்டையின் நெருக்கத்திலிருந்து வெகுதூரம் என்று தயங்கியிருந்தோர் பிளேக் வந்தபின் அங்கே விரைந்தனர். அகன்ற தெருக்கள், வீட்டைச் சுற்றிக் காலி இடம், துப்புரவுப் பணியாளர் வந்து போகப் பின்புறச் சந்து ஆகியவற்றோடு அமைந்த அப்பகுதிகளில், மனைகள் சாதிவாரியாகப் பிரித்து ஒதுக்கப்பட்டன என்பதையும் குறிப்பிடத்தான் வேண்டும். தெருவை அகலமாக்கியவர்கள் உள்ளத்தை அவ்வளவு அகலமாக்கவில்லை. தண்டுப் பகுதியில் ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் பிரேசர் டவுன் எழுந்தது. நகராட்சிப் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அணுகாத வீட்டை அமைப்பது எவ்வாறு என்பதில் கருத்தைச் செலுத்தி, அதைப் பற்றி 1914இல் ஒரு நூலும் வெளியிட்டார். எலி புகாத அடித்தளமும் காற்றோட்டமும் அதன் பின்னர் ஒரு வீட்டின் விலையில் சேர்ந்த சரக்குகளாயின.

பணமுள்ளோர் பெயர்ந்தனர், மற்றோர்? கூலிக்குச் சென்று அன்றாடம் பிழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு மல்லேஸ்வரத்து மனை எட்டாக் கனி. வேலை தண்டிலிருக்க, குடியிருப்பும் தண்டின் சந்துகளிலேயே தொடர்ந்தது. வீட்டு விலை வீழ்ந்தால் உடையவனுக்குத் துயரம். வாடகைக்கு இருப்பவனுக்கு ஒருவேளை ஆறுதல். இவ்விரண்டாம் கூட்டத்தாரின் கருத்தை எவரும் எழுதி வைக்கவில்லை.

நோயின் அச்சம் தணிந்து வரும் வேளையில் சென்னையிலிருந்து வேறோர் அதிர்ச்சி வந்தது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. தென்னாட்டில் எத்தனையோ குடும்பத்தார் அக்கம்பெனியை மலையென நம்பிச் சேமிப்பை ஒப்படைத்திருந்தனர். அந்த வீழ்ச்சியின் எதிரொலியாகவே 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் இந்தியன் பாங்கு தோன்றியது. ரொக்கத்தை நம்பிக் கெட்டவர் கதை திண்ணைதோறும் பேசப்பட்ட காலத்தில், காணி நிலத்தின் மீது பற்று மிகுந்திருக்குமானால் அதில் வியப்பில்லை. மண் ஓடிப்போகாது அல்லவா?

1947இல் தண்டுப் பகுதி மைசூரிடம் திரும்பியது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒன்றாயின. பின்னர் நிகழ்ந்ததை நேயர்கள் பலர் தம் தந்தையர் வாயிலாகவே கேட்டிருப்பார்கள். விமானத் தொழிற்சாலை 1940இலும், டெலிபோன் தொழிற்சாலை 1948இலும், கடிகாரமும் இயந்திரமும் செய்யும் எச்.எம்.டி. 1953இலும் அமைந்தன. 1941இல் 4,06,760ஆக இருந்த ஜனத்தொகை 1951இல் 7,78,977 ஆயிற்று. பத்தாண்டில் ஏறத்தாழ இரட்டிப்பு! இத்தகைய ஊரில் மனை வாங்கியவர் எவரும் ஏமாறவில்லை. விலை இறங்காது என்னும் கொள்கை அக்காலத்தில்தான் வேரூன்றியது என்பது நம் அபிப்பிராயம். அது அனுபவத்தில் பிறந்த கொள்கையே. ஆனால் ஒரு தலைமுறையின் அனுபவம்.

பிற நாடுகளின் அனுபவம் வேறுவிதமாயிருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஹெரன்கிராக்ட் என்னும் கால்வாய்க்கரை வீடுகளின் விலையை 1628 முதல் 1973 வரை ஓர் ஆராய்ச்சியாளர் தொகுத்தார். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் முந்நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளில் அவ்வீடுகள் பெற்ற ஏற்றம் ஏறத்தாழ இரு மடங்கே. இடையிடையே நெடுங்கால வீழ்ச்சிகளும் உண்டு. ஜப்பானில் 1991க்குப் பின் நிலவிலை பல ஆண்டுகள் தொடர்ந்து சரிந்தது. 2008இல் அமெரிக்காவில் வீட்டுக்கடன் முறிந்து உலகையே ஆட்டியது.

பெங்களூரில் இன்று எழும் சச்சரவு விலையைப் பற்றியது போலத் தோன்றினும், அதன் வேர் உரிமைப் பத்திரத்தில் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் அவனி சிருங்கேரி நகர் முதலிய இடங்களில் மழைநீர்க் கால்வாய்களின் மேல் அமைந்தன என்று கூறி மாநகராட்சி வீடுகளை இடித்தது. வரி கட்டிய ரசீதும், பதிவு செய்த கிரயப் பத்திரமும், பாங்குக் கடனும் தம்மிடம் உண்டே என்று வீட்டுடையோர் கதறினர். பழைய கிராம வரைபடத்தில் இது கால்வாய் என்றனர் அதிகாரிகள். இரு தரப்பும் காகிதத்தையே காட்டின. ‘ராஜகாலுவெ’ என்னும் கன்னடச் சொல்லில் நம் ‘கால்வாய்’ ஒளிந்திருப்பதைக் காணும் தமிழர்க்கு அதன் பொருள் விளங்கும். ஆனால் அவ்வரைபடத்தை மனை வாங்கும்போது பார்க்க எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

நம் தொழில் மொழிபெயர்ப்பாதலால் இங்கே சில சொற்களைச் சொல்லிவிட ஆசை. ‘காத்தா’ என்பதற்குப் பொருள் கணக்கு. அது வரி செலுத்துவோர் யார் என்பதைக் குறிக்கும் பதிவேயன்றி உரிமைப் பத்திரமன்று. 2007இல் ஏழு நகரசபைகளையும் நூற்றுப் பத்துக் கிராமங்களையும் இணைத்துப் பெருநகர மாநகராட்சி அமைந்தபோது, விதிப்படி அமையாத மனைகளுக்கு வரி வாங்குவதற்காகத் தனி ஏடு ஒன்று வைக்கப்பட்டது. அதுவே ‘பி காத்தா’. வரி வாங்கிய சர்க்கார் உரிமையையும் ஒப்புக்கொண்டது என்று நம்பினோர் பல்லாயிரவர். ‘ருணபாரம்’ என்பது நம் ‘வில்லங்கம்’. தமிழில் அச்சொல் பத்திரத்தின் மேலுள்ள பாரத்தையும், வாழ்வில் நேரும் தொல்லையையும் ஒருங்கே குறிப்பது பொருத்தமாகவே இருக்கிறது. அதிலும், வில்லங்கச் சான்று பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். பதியாத வழக்கும், வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் தோன்றா.

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் 1858இல் ராபர்ட் டாரன்ஸ் கொணர்ந்த முறையில், பதிவேட்டில் பெயருள்ளவனே உரிமையாளன் என்று அரசாங்கமே பொறுப்பேற்கிறது. தவறு நேர்ந்தால் ஈடும் தருகிறது. நம் நாட்டிலோ 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிகிறதேயன்றி உரிமைக்கு உறுதி கூறுவதில்லை. உரிமையை நிலைநாட்டும் பாரம் வாங்கியவர் தலைமீது. 2016ஆம் ஆண்டின் கட்டட விற்பனை ஒழுங்குச் சட்டம் கட்டுவோரைப் பதிவு செய்ய வைத்தது. பணத்தில் எழுபது சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் செய்தது. அது நன்று. ஆனால் வெளிப்புறத்தே விதிமுறைப்படி மாற்றப்படாத விவசாய நிலத்தைத் துண்டு போட்டு விற்கும் தனிமனைகளில் பலவற்றை அச்சட்டம் எட்டுவதில்லை. வெளியூரிலிருந்து வந்து, கன்னடப் பத்திரத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாமல், தரகர் சொல்லை நம்பி அட்வான்ஸ் கொடுக்கும் நம்மவர் பெரும்பாலும் வாங்குவது அத்தகைய மனைகளையே.

இதற்கிடையில், 1898இல் அஞ்சி ஓடிய பேட்டையின் கதியையும் சொல்ல வேண்டும். சிக்பேட்டையும் அவென்யூ சாலையும் அதே குறுகிய சந்துகளோடு இன்றும் இருக்கின்றன. பட்டும் பாத்திரமும் புத்தகமும் விற்கும் கடைகளில் கால்வைக்க இடமில்லை. 2017 ஜூன் முதல் அவற்றின் அடியில் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. அங்கே ஒரு கடை காலியாயிற்று என்ற செய்தி வெளியே தெரிவதற்குள், அடுத்த கடைக்காரர் முன்பணம் கொடுத்து முடித்துவிடுகிறார்.