இரவல் நூலும் அமானிதமும்

தன்னிடம் உள்ள நூல்களைக் காப்பதோடு நூலகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. தன்னிடம் இல்லாத நூலையும், அது இருக்கும் இடத்திலிருந்து பெற்று வாசகருக்கு அளிக்கும்போதே அக்கடமை நிறைவுறுகிறது. நூலகங்கள் தமக்குள் இரவல் பரிமாறிக்கொள்ளும் இம்முறை மேலைநாட்டுப் புதுமை என நம்மில் பலர் கருதுகின்றனர். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது.

1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையரின் இளமைக் கல்வியில் ஒரு பகுதி இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நிகழ்ந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும் அவர் தமிழ் பயின்றார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடங் கேட்டார். அச்சு நூல்கள் அருகியிருந்த அக்காலத்தில் ஆசிரியரே நூலகமாக விளங்கினார். ரெட்டியாரோ மாணவரைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்லுமாறு வழிகாட்டினார். 1871-இல் அவர் அங்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் பலரிடமிருந்து ஏடுகளைப் பெற்று ஒப்புநோக்கியே 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடு வைத்திருந்தோர் கொடுக்க மறுத்திருந்தால் அப்பதிப்பு ஏது?

ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் மத்திய ஆசியாவின் மர்வ் நகரிலும் இவ்வுண்மை விளங்கிற்று. அங்கு வக்ஃபு செய்யப்பட்ட பத்து நூலகங்கள் இருந்ததாக யாகூத் அல்-ஹமவீ எழுதியுள்ளார். அவற்றுள் ஒன்றில் மட்டும் சுமார் 12,000 நூல்கள் இருந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள் எப்போதும் அவர் இல்லத்தில் இரவலாக இருந்தன; பெரும்பாலானவற்றுக்கு ஈடு கேட்கப்படவில்லை. அவருடைய ‘முஃஜமுல் புல்தான்’ எனும் புவியியல் பேரகராதிக்கான செய்திகளில் பெரும்பகுதி அங்குத் திரட்டப்பட்டதே. 1221-இல் மங்கோலியர் மர்வை அழித்தனர். பூட்டி வைத்திருந்தால் அவ்வறிவு முழுதும் அழிந்திருக்கும். இரவல் கொடுத்ததால் ஒரு பகுதியேனும் நம்மை வந்தடைந்தது.

இரவல் கொடுப்போரின் அச்சத்தையும் நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். இரவல் பொருள் அமானிதம் என்பது ஹனஃபீ சட்டம். வாங்கியவர் வரம்பு மீறினாலன்றிப் பொறுப்பாளி ஆகார். ஷாஃபிஈ சட்டமோ, அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டால் நேரும் தேய்மானம் நீங்கலாக, இழப்பை அவர் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. 1333-இல் மறைந்த இப்னு ஜமாஆ, நூலைத் தேவையின்றித் தாமதிக்கலாகாது. உரியவர் இசைவின்றி ஓரங்களில் எழுதலாகாது. கொடுத்தவருக்கு நன்றி கூற வேண்டும் என நெறி வகுத்தார்.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதாகும். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. 1995-இல் பெரம்பலூரும், இறுதியாக 2007-இல் அரியலூரும் தனி மாவட்டங்களாயின. நிர்வாக எல்லை மாறலாம். வாசகரின் தேவைக்கு எல்லை இல்லை. எந்தச் சிறு நூலகமும் எல்லா நூல்களையும் வாங்கிவிட இயலாது. எங்கு உள்ளது எனக் கூறிப் பெற்றுத்தர இயலும்.

நம் இல்லங்களிலும் மதரஸாக்களிலும் அரபுத்தமிழ் ஏடுகள் பேழைகளில் உறங்குகின்றன. அவற்றைப் பட்டியலிட்டு, தேடி வருவோருக்குக் கொடுக்க முன்வருவோமா? பெறுவோர் பொறுப்புடன் திருப்பித் தரட்டும். கொடுப்பவரின் நம்பிக்கையும் பெறுபவரின் நாணயமும் சேர்ந்தால், சிற்றூர் நூலகமும் பெருநூலகமாகும்.